அம்மனுக்கு வெள்ளிக்கிழமை ஐந்து மணி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களிடம் திட்டு வாங்கியதும் அதற்குத்தான், கல்யாணமான புதிதில் மாமியார் முகம் சுளித்ததும் அதற்குத்தான். காலாட்டுவது குடும்பத்துக்கு ஆகாது என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. கால் கேட்டால்தானே. இப்படிப்பட்ட நான், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் மனக்குறையைக் கேட்கும் தொழிலில் வந்து மாட்டிக்கொண்டேன். மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய உலு திராமில் ஒரு மோட்டர் பட்டறைக்கு மேல்மாடியில் என் அறை. கீழே யாராவது எஞ்சினை முறுக்கிப் பார்த்தால் மேலே என் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். மன அமைதி தேடி வருகிறவர்கள் அந்தச் சத்தத்தில்தான் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும். வேறு இடம் பார்க்கலாம் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன் என்று சொன்னாலும் எல்லோருக்கும் நான் டாக்டர்தான். கோலாலம்பூரில் உளவியல் படித்தேன். பேச்சின் வழியாகச் செய்யும் சிகிச்சையில் முறையான பயிற்சியும் உண்டு. அந்தப் படிப்பில் இல்லாதவையும் என் அலமாரியில் இருக்கின்றன: நல்லெண்ணெய், சாம்பிராணி, திருநீறு, கற்பூரம், ஒரு சின்ன உடுக்கை. இதையெல்லாம் நான் எந்தக் குருவின் காலடியிலும் உட்கார்ந்து கற்கவில்லை. உட்காரத்தான் வராதே. மாடிப்படி ஏறி வந்தவர்களே இவற்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கையில் மந்திரித்த கயிறு இருக்கும். இன்னொருவர் பையில் சூராவில், அதாவது முஸ்லிம்களின் தொழுகைக் கூடத்தில், ஓதிக் கொடுத்த தண்ணீர் இருக்கும். மூன்றாமவர் பர்சில் சீனக் கோயிலில் கொடுத்த மஞ்சள் தாள் மடித்திருக்கும். அவற்றைக் கழற்றி வைக்கச் சொன்னால் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதனால் இப்போது யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இங்க வர்றதுக்கு முந்தி எங்கெங்க போனீங்க?" என்பதுதான். பாதிக் கதை அதிலேயே வந்துவிடும்.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் என் தோழி இதற்கு 'வேப்பிலை சைக்காலஜி' என்று பெயர் வைத்திருக்கிறாள். இங்கே ஒரு பூசாரி, படித்த மந்திரவாதி என்று என்னைப் பற்றி ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும், இரண்டு பேரும் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்ற பயமும் வரும். பயம் வந்தால் எழுந்து நடப்பேன்.

இப்போது சொல்லப்போவதை அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்கக்கா. மத்தது என்ன வேணா எழுதுங்க" என்றாள். அவளுடைய அண்ணியிடமும் கேட்டேன். அவர், "எழுதுங்க. அவரு படிக்கவா போறாரு" என்றார்.

முதல் நாள் மூன்று பேராக வந்தார்கள். முன்னால் அண்ணன், பின்னால் அண்ணி, நடுவில் அவள். அண்ணனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, சொந்தமாக லாரி ஓட்டுகிறவர், அவர்கள் வட்டாரத்து அம்மன் கோயிலுக்குத் தலைவர். அவளுக்கு முப்பத்தைந்துக்குக் கிட்டே இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நின்று செய்யும் வேலை. இவ்வளவையும் சொன்னவர் அண்ணன். நான் அவளைப் பார்த்துக் கேட்டால் அவர் பதில் சொன்னார்.

அவளுக்கு இருபது வயதிலிருந்து அருள் வருகிறதாம். வருடத்தில் ஒரு நாள், திருவிழா அன்று காலையில், உறுமி மேளம் அடித்ததும் அம்மன் அவள் மேல் இறங்கும். அம்மன் உத்தரவு கொடுத்தால்தான் அன்று மாலை தீ மிதிப்பார்கள். தலைவரான அண்ணன் முதல் ஆளாக அவள் காலில் விழுந்து வாக்குக் கேட்பார். இத்தனை வருடமும் இது ஒழுங்காக நடந்தது. இந்த வருடம்தான் அம்மன் இடம் மாறி, தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. வேலை நடுவில் அவள் தலை உறையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஆடியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்கள் அலற, அலறல் வரிசை முழுக்கப் பரவ, இயந்திரங்களை நிறுத்தும்படி ஆகிவிட்டது. ஹிஸ்தெரியா என்று சொல்லி முஸ்லிம் மத ஆசிரியரான ஓர் உஸ்தாஸை அழைத்து வந்து ஓதியிருக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இனி ஒரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"பேக்டரில வரக்கூடாது மேடம். கோயில்ல வரணும்" என்றார் அண்ணன். "அதுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுங்க."

விளக்குக்கு சுவிட்ச் போடச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பக்கத்துக் கடையில் தே தாரேக் என்று நுரை பொங்க ஆற்றிய டீ நன்றாகக் கிடைக்கும், குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பினேன். அண்ணி தானாகவே எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தியதும் அவள் முதலில் சொன்னது அம்மனைப் பற்றி இல்லை. "எனக்கு கெலாங் பாத்தால வேல குடுத்திருக்காங்கக்கா" என்றாள். ஜொகூர் பாருவுக்கு மறுபக்கம் இருக்கும் அந்த ஊரில் கம்பெனி புதிதாக ஒரு கிளை திறக்கிறது. அதில் ஒரு வரிசைக்கே அவளைத் தலைவியாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் இங்கிருந்து போய்வர முடியாது, அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அண்ணனிடம் கேட்டாள். கல்யாணம் ஆகாத பெண் தனியாக இருப்பதா, கோயிலுக்கு யார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம்தான் தொழிற்சாலையில் முதல் தடவை அருள் வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியும். நானும் யோசிச்சேன். ஆனா நானா வர வைக்கலக்கா."

நம்பினேன். அம்மன் இனிமேல் வராமல் போனால் உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவள் விரல்களைப் பின்னிக்கொண்டாள்.

"கோயில் அம்மா வராமப் போயிட்டா அண்ணன் என்ன நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. வருசத்துல ஒரு நாளுதான் நான் சொல்றது எடுபடும். அதுவும் நான் சொல்றது இல்ல."

அதைக் கேட்ட பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து மூடினேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இது வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். அப்புறம்தான் என் வேலை. எங்கள் படிப்பில் ஒரு வழி உண்டு. கவலை நாள் முழுக்கத் துரத்தினால் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கச் சொல்வோம். மற்ற நேரத்தில் வந்தால், இப்போது வேண்டாம், அந்த நேரத்தில் வா என்று அனுப்பிவிட வேண்டும். நம் ஆட்களிடமும் ஒரு வழி உண்டு. சாமியிடம் கேட்கலாம், பேரம் பேசலாம், கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கலாம். சத்தியம் செய்தால் சாமி மீறாது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. இடம், பட்டறைக்கு மேல்மாடி. தோழியிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூடவே அந்தப் பெண்ணுக்கு வேறு சிலவும் கற்றுக்கொடுத்தேன். தினமும் காலையில் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட வேண்டும். தொழிற்சாலையில் உடம்பு அதிர ஆரம்பித்தால் அந்தப் பாதத்தை நினைக்க வேண்டும், தரையில் அழுத்த வேண்டும், கண்ணில் படுகிற பொருள்களை வாய்க்குள் பெயர் சொல்ல வேண்டும். மேசை, திருகாணி, விளக்கு, கையுறை.

முதல் வெள்ளிக்கிழமை அவள் வருவதற்குள் மூன்று தரம் மாடிப்படி இறங்கி ஏறினேன். சாம்பிராணி போட்டு, மூச்சை நீட்டி விடச் சொல்லி, உடுக்கையை மெல்ல ஆட்டினேன். கீழே ஒருவன் எஞ்சினை முறுக்கிக்கொண்டே இருந்தான். அவள் குதிகால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. மூச்சு சீறியது, கொண்டை அவிழ்ந்தது.

"எதுக்குடி கூப்புட்ட?"

அது அம்மனா, அவள் மனமா என்று என்னிடம் கேட்காதீர்கள். தோழியும் கேட்டாள், பூசாரியும் கேட்டார். எனக்குத் தெரியாது. வந்தவர் பேசினார், நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கைகூப்பிக்கொண்டு, "தாயே, வேலை செய்யிற எடத்துல பிள்ளைக்குக் கஷ்டமா இருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு இங்க வாங்க, நான் காத்திருக்கேன்" என்றேன்.

"எனக்கே நேரம் குறிக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு நான் ஏற்றி நீட்டிய கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். சத்தியம் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் வந்தார். வந்தால் கோபம்தான். "எம் பிள்ளையக் கூண்டுல வச்சிருக்கான்" என்பார். "வருசம் ஒரு நாள் காலுல விழுவான், மத்த நாளு காலால தள்ளுவான்" என்பார். மலையேறிய பிறகு அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. தண்ணீர் கொடுத்து, அம்மன் சொன்னதை நான் திரும்பச் சொல்வேன். சொல்லிவிட்டு, இதையே நீ சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று கேட்பேன். பல வாரம் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதில் அண்ணன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அண்ணே, நான் கெலாங் பாத்தாவுக்குப் போறேன்." இதுதான் பாடம். முதல் தடவை அவள் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த வாரம் காற்று வந்தது. ஒரு வாரம் சத்தமும் வந்தது, ஆனால் கீழே எஞ்சின் அதை முழுங்கிவிட்டது. "அவன் சத்தத்துக்கு மேல சொல்லு" என்றேன். அவள் சொன்னாள். எஞ்சினும் ஏறியது. அவளும் ஏற்றினாள். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கீழே பட்டறைக்காரர் ஜன்னலைப் பார்த்து, "மேல என்னா சண்டையா லா?" என்று கேட்டார்.

இந்த நாட்களிலெல்லாம் அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் காரில் கூட்டிவருவார். மடியில் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிப்பார், இல்லையென்றால் நெத்திலி கிள்ளுவார். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். "சீக்கிரம் விடுங்க டாக்டர், போயி சோறாக்கணும், அவரு வந்துருவாரு" என்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. அண்ணன் சிறை வைத்தால் சாவி இவர் இடுப்பில்தான் என்று நினைத்திருந்தேன். இவளும் அப்படித்தான் நினைத்தாள். "வீட்டு வேலையில பாதி நான் செய்யறேன். அண்ணி எப்படி விடுவாங்க?" என்பாள். என் அறைக் கதவு மெல்லிய பலகை. உள்ளே அம்மன் கத்துவதும் இவள் நாற்காலியைப் பார்த்துக் கத்துவதும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழாமல் இருக்காது. விழட்டும் என்று இருந்தேன்.

திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, உடுக்கையை ஆட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். அவள் கண்ணைத் திறந்தாள்.

"வரலக்கா."

அடுத்த வெள்ளியும் வரவில்லை. அவள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. படித்த மூளை, இது நல்ல செய்தி என்றது. அம்மன் பேசியதையெல்லாம் இவளே பேசத் தொடங்கிவிட்டாள், இனி அம்மனுக்கு அங்கே வேலை இல்லை. என் வயிறு வேறு சொன்னது. திருவிழா அன்று அம்மன் வராவிட்டால் இவள் அந்த வீட்டில் யார்? சமையலுக்கு உதவுகிற தங்கச்சி. அப்போது போய் இவள் கெலாங் பாத்தா என்று வாயைத் திறந்தால்?

"பிள்ளையார் பிடிக்கப் போயி கொரங்கா ஆயிடுச்சா?" என்றாள் தோழி. அவள் மேல் வந்த கோபத்தை வீட்டில் புருஷன் மேல் காட்டினேன். அந்த வாரங்களில் அலமாரியை இரண்டு தரம் ஒழித்துத் துடைத்தேன், கார் சாவியைத் தொலைத்தேன், காய்ந்த துணியை மறுபடி துவைக்கப் போட்டேன். அண்ணனை ஒரு தடவை அறைக்கு வரச் சொல்லி, நடுவில் நான் இருக்க, அவளைப் பேச வைத்துவிடலாம் என்று பார்த்தேன். போன் செய்தபோதெல்லாம், "திருவிழா வேல மேடம், அப்புறம் பாக்கலாம்" என்றார். தொழிற்சாலையில் மறுபடி தொந்தரவு இல்லாததால் அந்த வேலையை அவளுக்கே வைத்திருந்த கம்பெனியோ, திருவிழா முடிந்த திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"நீங்க வாங்கக்கா" என்று கூப்பிட்டாள். போனேன்.

கோயில் அவர்கள் குடியிருக்கும் தாமானைத் தாண்டி, செம்பனை மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. காலை பத்து மணி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பக்கம் பந்தலில் அன்னதானத்துக்குக் குழம்பு கொதித்தது. சனம் வட்டமாக நின்றது. நடுவில் அவள், மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு. எதிரே அண்ணன், தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் திருநீறும். உறுமிக்காரர்கள் சட்டை இல்லாமல் வேர்த்து ஊற்ற அடித்தார்கள். அந்த உறுமலை நெஞ்செலும்பில் உணரலாம். கூட்டத்தின் ஓரத்தில் நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே நின்றேன்.

அம்மன் வரவில்லை.

உறுமிக்காரர்கள் தாளத்தை மாற்றினார்கள். இன்னும் வேகம். அவள் அசையவில்லை. சனம் முணுமுணுத்தது. "என்னா, இன்னும் இறங்கல?" "வீட்டுல ஏதும் தீட்டா?" அண்ணன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. மாலையில் தீ மிதிக்கக் காப்புக் கட்டிய ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் வழிதேடி முன்னால் நகர்ந்தேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது.

அப்போது அவள் நடந்தாள். நேராக அண்ணன் எதிரே போய் நின்றாள். அவள் நடந்ததைப் பார்த்ததும் உறுமி நின்றது.

"அண்ணே, நான் கெலாங் பாத்தாவுக்குப் போறேன். அடுத்த மாசம் அங்க வேலைக்குச் சேரப் போறேன்."

கத்தவில்லை. என் அறையில் எஞ்சினுக்கு மேல் சொன்ன அதே குரல். கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

அண்ணன் தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார்.

"உத்தரவு தாயே. நீ சொன்னா சரி தாயே."

சனம் கைகூப்பியது. எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தங்கச்சி தன் எதிரே நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து ஒன்றைச் சொல்வதை அந்த மனிதர் வாழ்நாளில் கண்டதில்லை. கண்டதெல்லாம் அம்மன் வந்தபோதுதான். ஆகவே இதுவும் அம்மன்.

பேசாதே, பெண்ணே. அதுதான் என் மனதில் ஓடியது. வாயைத் திறக்காதே. கேட்டது கிடைத்துவிட்டது, திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் பூசிவிட்டுத் திரும்பி வா. அம்மனுக்கும் குறைவில்லை, அண்ணனுக்கும் குறைவில்லை, உனக்கு வேலை. எத்தனையோ மாதமாக, உன் குரலில் பேசு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நான்தான் அப்படி நினைத்தேன்.

அவள் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"நான் அம்மா இல்லண்ணே. அம்மா வரல. நான்தான் பேசறேன். எந்திரிங்க."

அவர் எழுந்தார். நெற்றியில் மண். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? ஒன்ன யாரு போகச் சொன்னது?"

அவள் பதில் சொல்லுமுன் அவர் உறுமிக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "அடிங்கடா. அம்மாவே வந்து சொல்லட்டும்."

அடித்தார்கள். முன்பு அடித்தது ஒன்றுமே இல்லை என்பது போல அடித்தார்கள். அந்தத் தாளம் அவள் உடம்பை என்ன செய்யும் என்று அங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அவள் தோள் துடித்தது. இப்போது அம்மன் இறங்கி, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதை மறுக்க அங்கே ஆள் கிடையாது. நாளைக்கு அவளே மறுக்க மாட்டாள். நான் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். யாரோ திட்டினார்கள். அவள் கால்களை அகற்றி, பாதத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. பந்தல் என்றாள், மரம் என்றாள், செருப்பு என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தோள் மெல்ல மெல்ல நின்றது.

என் முதுகுக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது.

சோற்றுக் கரண்டி தரையில் விழுந்தது. பந்தலிலிருந்து அண்ணி வந்தார். கொண்டை அவிழ்ந்து முகத்தில் கிடந்தது, சேலையில் குழம்புக் கறை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அருள் வராதவர். சனம் தானாக விலகியது. நேரே போய்ப் புருஷன் எதிரே நின்றார்.

"டேய்."

அண்ணன் ஓர் அடி பின்னால் போனார். அவர் விடவில்லை.

"அவள விடுடா. போகட்டும்னு நான் சொல்றேன். கேட்டியா?"

அவர் மறுபடி மண்ணில் விழுந்தார். "கேட்டேன் தாயே."

"கேட்டுட்டு மறந்துராத. சாயங்காலம் எல்லாரும் தீய மிதிங்க." திருநீற்றை ஒரு கை அள்ளி நாத்தனார் நெற்றியில் அப்பினார். வேப்பிலையைக் கடித்தார். பிறகு அப்படியே சரிந்தார். பெண்கள் ஓடிப் போய்த் தாங்கிக்கொண்டார்கள்.

அவள் என்னிடம் வந்தாள். "நான் சொன்னப்ப கேக்கல, பாத்தீங்களாக்கா?" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவள் முகம் சந்தோஷமாக இல்லை. அப்புறம், "அண்ணி வராட்டியும் நான் போயிருப்பேன்" என்றாள். போயிருப்பாய் என்றேன். நம்பித்தான் சொன்னேன். அடுத்த மாதம் அண்ணனே அவள் கட்டிலையும் அலமாரியையும் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் கெலாங் பாத்தாவில் இறக்கிவிட்டு வந்தார். அம்மன் உத்தரவாயிற்றே.

திருவிழா அன்று ஆண்கள் பந்தியில் உட்கார்ந்த பிறகு நான் அண்ணியைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால், பாத்திரங்கள் குவித்திருந்த இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக இருந்தார். யாரோ கொடுத்த தண்ணீர் கையில் அப்படியே இருந்தது. பக்கத்தில் குந்தினேன். கேட்கக்கூடாது என்று தெரியும், இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்களுக்கு அருள் வந்துச்சா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கறைபட்ட முந்தானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்காக நான் சொல்லிட்டேன் டாக்டர். எனக்காக யாரு சொல்லுவா?"

பந்தலிலிருந்து அண்ணன் ரசம் கேட்டுக் குரல் கொடுத்தார். அண்ணி தலையை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து போனார்.